ஈரப்பதம் பத்தொன்பது புள்ளி நாலு

தார்ப்பாயை விலக்கினால்
குவியலின் ஓரமெல்லாம் வெள்ளை வெள்ளையாய் முளை.
குறுவை நெல்.
ஐப்பசியை முந்திக்கொள்ளத் தெரியாத நெல்.

டெல்லியிலிருந்து குழு வருகிறதென்று
நீடாமங்கலம் சாலைக் குழிகளில்
அவசரமாய்ச் செம்மண் கொட்டியிருந்தார்கள்.
நான் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுத்தர், பருவகாலப் பணி.
யார் பெயர், எந்தச் சிட்டா, எத்தனை மூட்டை
எல்லாம் தமிழில் எழுதுகிறவள்.

உத்திராபதி பேச ஆரம்பித்தார்.
பத்து நாளாய்க் களத்தில் கிடக்குதுங்க என்றார்.
வெயிலுக்கு விரித்தது, தூறலுக்கு வாரியது, மறுபடி விரித்தது,
அறுவடை மிஷினுக்குக் கடன் வாங்கிய இடம், அங்கே கேட்ட வட்டி,
மகள் வளைகாப்பைத் தள்ளிவைத்தது,
ராத்திரி காவலுக்குப் படுத்தபோது
நெல்லின் சூட்டுக்கு ஒரு பாம்பும் வந்து படுத்தது.
மொழிபெயர்க்க வந்த அதிகாரி
மூன்று சொல் சொன்னார்.
டெல்லிக்காரர் தலையசைத்துக் குறித்துக்கொண்டார்.
பாம்பு போய்ச் சேரவில்லை.

கருவியில் ஒரு பிடி நெல்.
பத்தொன்பது புள்ளி நாலு.
அதற்கு யாரும் மொழிபெயர்ப்பு கேட்கவில்லை.

அப்புறம் அவர் பிந்தேசரியைப் பார்த்தார்.
சிவானிலிருந்து நடவுக்கு வந்து
நடவு முடிந்து சுமைக்கு நின்றவன்.
நம்ம ஆள் என்று அவர் முகம் மலர்ந்தது.
ஏதோ கேட்டார்.
தான் பீஞ் கயில், என்றான் அவன்.
நெல் நனைந்துவிட்டது.
சிரித்துக்கொண்டே திருத்தினார்:
பீக் கயா. ஒழுங்காய்ச் சொல்.
நாட்டுக்கு ஒரு மொழிதான் இருக்க வேண்டும், இல்லையா?
பிந்தேசரி வாயை மூடிக்கொண்டான்.
நாற்பது கிலோவை முதுகில் ஏற்றினான்.

எனக்கு இரண்டுமே புரிந்தது.
யாரும் கேட்கவில்லை, சொல்லவில்லை.
எங்கள் வீட்டில் பிஜ்லா என்போம்.
முந்நூறு வருஷம் தஞ்சாவூர்த் தண்ணீரில் ஊறி
புனேக்காரர்கள் நெற்றி சுருக்கிக் கேட்கும் மராட்டி.
அடுப்படிக்கு அது. கணக்குக்குத் தமிழ்.
கோபத்துக்கும் தமிழ்,
வேறெதில் திட்டினாலும் எனக்கே நம்பிக்கை வராது.
கணக்கெடுக்க வந்த பெண் தாய்மொழி என்ன என்றாள்.
அம்மா மராட்டி என்றாள், நான் தமிழ் என்றேன்,
ஒரே மூச்சில், ஒரே கூடத்தில்.
அவள் பேனா கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது.

மூணாறு தலைப்பில் வெண்ணாறு
கோரையாறாகவும் பாமணியாகவும் பிரிகிறதைச் சொல்லித்தான்
இங்கே எல்லா மேடையிலும் பேச்சை முடிப்பார்கள்.
கைதட்டலும் உண்டு.
எனக்கு அந்த உவமை அலுத்துவிட்டது.
தண்ணீர் அங்கே தானாகவா பிரிகிறது?
ஷட்டர் இருக்கிறது. திருக ஒரு லஸ்கர் இருக்கிறார்.
யாருக்கு எத்தனை நாள் முறை என்று
எங்கோ ஓர் அலுவலகத்தில் ஒரு நோட்டு இருக்கிறது.
கடைமடைக்காரனுக்கு அந்த நோட்டைப் படிக்க வருமா
என்று கேட்டுப் பாருங்கள்,
மைக் செட்டுக்காரன் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்துவிடுவான்.

சாயங்காலம் ஜீப்புகள் புழுதியோடு போனபின்
பிந்தேசரி முளைத்த குவியலோரம் குந்தினான்.
ஒரு மணியை நகத்தால் கிள்ளிப் பார்த்து
தான், என்றான்.
யாருக்கும் இல்லை, தனக்கு.
என் காதில் அது தமிழாய் விழுந்தது.
ஒரு மொழிதான். ஒரு வழிதான்.
நாங்கள்தான். அவர்கள்தான்.
எத்தனை வாக்கியங்களின் வாலில்
இந்த ஒரு மணி நெல்லை ஒட்டவைத்து
ஓங்கி அடித்திருக்கிறோம்.

இருட்டுமுன் பட்டியல் போட வேண்டும்.
பெயர்: உத்திராபதி. ரகம்: சன்னம்.
ஈரப்பதம் எழுதினேன்.
குறிப்பு என்றொரு குட்டிக் கட்டம்,
வருஷம் பூராவும் காலியாகவே போகும்.
அதில் பாம்பை எழுதினேன்,
தமிழில்தான்.